வரவறிந்து வாழ்ந்த வாழ்வு
(அண்ணல் அம்பேத்கரின் சிக்கனம் பற்றிய சில எண்ணங்கள்)

அண்ணல் அம்பேத்கரை நாம் பலவகையாலும் அறிவோம். 1927-ஆம் ஆண்டில் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகிய வீரராக அறிவோம். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அறிவோம். 1956-ஆம் ஆண்டில் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு புத்த நெறி தழுவிய பெருமகனாக அறிவோம். ஆயின், மாத வரவை முன்வைத்துக் கொண்டு, இதில் வீட்டுக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, நாளைய படிப்புக்கு எவ்வளவு என்று கூறு போட்டு வாழ்ந்த குடும்பத் தலைவராக அவரை நினைத்துப் பார்ப்போர் நம்மிடையே மிகச் சிலரே. கல்விக்கெனத் தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவரது வாழ்வின் இப்பகுதியைக் கூறுவது பொருத்தமென்று கருதுகிறோம். படிக்க விருப்பம் உண்டு, பணம் எங்கே என்னும் வினா நம் இல்லங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை அன்றோ?

தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்க்குச் சிக்கனத்தைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அரை வயிற்றுக் கஞ்சியும் ஒற்றை ஆடையும் நம் முன்னோர் விரும்பித் தேடிக்கொண்டவை அல்ல. இல்லாமை வேறு, சிக்கனம் வேறு. இல்லாமை பிறரால் நம்மேல் சுமத்தப்பட்டது. சிக்கனமோ ஒரு குறிக்கோளை முன்னிட்டு, ஒரு கால எல்லை வகுத்துக்கொண்டு நாமே மேற்கொள்வது. அம்பேத்கர் பெருமானின் வாழ்வில் இவ்விரண்டும் இருந்தன. முன்னதை அவர் வெறுத்தார். பின்னதைக் கருவியாகக் கொண்டு முன்னதை வென்றார்.

தந்தையின் கணக்கு

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மோவ் என்னும் படைமுகாம் ஊரில் பீமராவ் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அன்னையார் பீமாபாய் மகனின் இளமையிலேயே மறைந்தார். பின்னர்க் குடும்பம் பம்பாய் நகரின் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்பில், ஒரே அறையில் குடியேறியது. சமையலும் அங்கேதான், உறக்கமும் அங்கேதான், படிப்பும் அங்கேதான். மகன் முன்னிரவில் உறங்கத் தந்தையார் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். ஓரறைக்குள் ஒரு மாணவனுக்கு இடம் உண்டாக்க அவர் கண்ட வழி அது.

இரு மைந்தரையும் படிக்கவைக்க வருவாய் இடங்கொடாமையால் மூத்தவர் ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். இளையவர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்து பயின்றார். மகன் புதிய நூல் ஒன்றை விரும்பினால் இராம்ஜி மணமாகிச் சென்ற மகளிடம் கைமாற்றுக் கேட்பார். அங்குக் கிடைக்காவிடில் மற்றொரு மகளின் நகையை வாங்கிச் சென்று அடகு வைப்பார். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் நகையை மீட்டுத் திருப்பித் தருவார். இக்கணக்கில் நாம் காண வேண்டுவன இரண்டு. நூல் என்னும் செலவு அவ்வீட்டில் கடைசி வரியில் எழுதப்படவில்லை. முதல் வரியில் எழுதப்பட்டது. வாங்கிய கடனும் வருமென்று உறுதியாய்த் தெரிந்த வரவின்மீதே வாங்கப்பட்டது.

1907-ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிகுலேசன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித் தொகை அளிக்க, பி.ஏ. பட்டமும் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார். அறையைப் பங்கிட்டு மகனைப் படிக்க வைத்த அப்பெரியவர், மகன் கடல் கடந்ததைக் காணவில்லை.

கடல் கடந்த கணக்கு

அதே 1913-ஆம் ஆண்டு சூலையில் அம்பேத்கர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா அரசு மூன்றாண்டுகளுக்கு மாதம் 11 பவுன் 10 சில்லிங் அளிக்க இசைந்திருந்தது. அத்தொகைக்குள் உண்ண வேண்டும், உறைய வேண்டும், பம்பாயில் இருந்த குடும்பத்திற்கும் அனுப்ப வேண்டும். ஒரு கோப்பைக் காப்பி, மஃபின் என்னும் சிறு ரொட்டி இரண்டு, மீனோ இறைச்சியோ ஒரு தட்டு என்பது அவரது உணவாயிற்று. நாடகக் கொட்டகையும் கேளிக்கையும் அவருடைய செலவுப் பட்டியலில் இடம்பெறவில்லை.

வாயைக் கட்டி மிச்சப்படுத்திய பணம் பழைய புத்தகக் கடைகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 2,000 நூல்களை அவர் அவ்வாறு திரட்டினார். அவற்றுட் பெரும்பகுதி தாயகத்தில் அவர் கைக்கு வந்து சேராமற்போனது வருந்தத்தக்கதே. ஆயினும் படித்த படிப்பு எங்கும் போய்விடவில்லை. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்களை அவர் கொலம்பியாவில் பயின்றார், 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித் தொகையின் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளுக்குள் மீண்டு வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் இசைவு அளித்தது. அந்த நான்காண்டு எல்லையே இனி அவர் வீட்டு வரவு செலவின் அடிக்கல்லாயிற்று.

பரேல் இல்லத்துக் கணக்கு

திரும்பியவர் ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். உயர்ந்த படிப்பும் உயர்ந்த பதவியும் இருந்தும் அவ்வூரில் தங்க ஒரு வீடு அவருக்குக் கிட்டவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். பம்பாய் வந்து பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். அவரது சாதி தெரிந்ததும் அத்தொழிலும் நின்றது. சிக்கனம் ஒன்றே நம் துயரனைத்தையும் தீர்த்துவிடும் என்போர் இந்நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்பாராக. வாசலை அடைத்து நிற்கும் சாதியைச் சேமிப்பால் மட்டும் திறந்துவிட இயலாது. உரிமைப் போரும் வேண்டும்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. நல்ல வீடு, நாற்காலி மேசை, வண்டி வாகனம் என்று ஆசை கிளைப்பதற்கு ஏற்ற நேரம் அதுவே. அவரோ பரேலில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு அறைகளிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். வீட்டுச் செலவுக்கென்று ஓர் அளவான தொகையை இல்லத்தரசி இரமாபாயிடம் கொடுத்தார். எஞ்சியதை இலண்டன் படிப்புக்கென ஒதுக்கினார். சம்பளம் உயர்ந்தது, வாழ்க்கைச் செலவு உயரவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொகையே அவரது கப்பற் கட்டணமாயிற்று.

1920 மார்ச்சில் அவர் பதவி விலகினார். அவர் பணியாற்றியது ஏறத்தாழ 16 மாதம்; முழுச் சம்பளத்தையும் கூட்டினாலும் 7,200 ரூபாய்தான். அதில் குடும்பமும் வாழ்ந்திருக்க வேண்டும். எனவே சேமிப்பு மட்டும் போதவில்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் உதவினார். நண்பர் நவல் பாத்தேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். அக்கடன் பதினொரு மாதச் சம்பளத்திற்கும் மேற்பட்டது. விருந்துக்கும் வேடிக்கைக்கும் வாங்கியிருந்தால் அது குடும்பத்தை அமிழ்த்தியிருக்கும். கல்விக்கு வாங்கியமையால் கரை சேர்த்தது.

1920 சூலையில், நான்காண்டு எல்லை முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, அவர் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். அங்குக் காலையில் மிகச் சிறிதளவே உட்கொண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற்குச் செல்வார். மாலையில் கதவடைக்கும் வரை படிப்பார். பகலுணவு பெரும்பாலும் இல்லை. இரவு நெடுநேரம் படிக்கையில் பசித்தால் சுட்ட அப்பளமே துணை. 1921-இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார், 1922-இல் பாரிஸ்டர் ஆனார். பணம் தீர்ந்தமையால் 1923 ஏப்ரலில் தாயகம் திரும்பி, ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுரையைப் பம்பாயிலிருந்தே திருத்தியனுப்பி, அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

பேரரசின் கணக்கும் வீட்டின் கணக்கும்

இவ்வாறு வாழ்ந்தவர் எதனை ஆராய்ந்தார் என்பதையும் நாம் நோக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி என்பது அவரது கொலம்பியா ஆய்வுப் பொருள். அந்நூல் 1925-இல் அச்சாகி, 1927-இல் அவருக்கு முனைவர் பட்டம் தந்தது. 1871-க்கு முன்னர் மாகாணங்களுக்குச் செலவிடும் வேலை இருந்தது. வரவைத் தேடும் பொறுப்பு இல்லை. ஆதலின் உரக்கக் கேட்ட மாகாணம் மிகுதியாகப் பெற்றது; சிக்கனமாய் இருந்த மாகாணத்திற்கு நன்மை ஏதுமில்லை. பின்னர் மேயோ பிரபு ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒரு தொகையை வரையறுத்துக் கொடுத்து, மிச்சம் பிடிப்பது அந்தந்த மாகாணத்திற்கே உரியது என்று வகுத்தார். அதன் பிறகே சிக்கனத்திற்குப் பயன் உண்டாயிற்று.

பேரரசுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு குடிசைக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. வருவது எவ்வளவு என்று அறியாத வீட்டில் உரக்கக் கேட்பவர்க்கே பணம் போகும். புத்தகம் கேட்கும் பிள்ளையின் குரல் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே அக்குரலுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிடுவது நம் கடமையாகும்.

இரமாபாயின் பங்கு

இக்கணக்கின் மறுபக்கத்தைக் கூறாது விட்டால் நாம் உண்மைக்குப் பிழை செய்தவராவோம். இலண்டனில் கணவர் பட்டினி கிடந்து படித்தபோது, பம்பாயில் அளவிட்ட சிறு தொகையைக் கொண்டு அடுப்பை எரித்தவர் இரமாபாய். பள்ளிக்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. பெற்ற மக்கள் ஐவருள் நால்வரை இழந்தார். கடைசி மகன் இராஜரத்னா 1926 சூலையில் மறைந்தான். நூல்களுக்கென்றே இடம் வகுத்துத் தாதரில் இராஜகிருகம் என்னும் இல்லம் எழுந்து, சற்று மூச்சுவிடும் காலம் வந்தது. அப்போது அவரது உடல் நலிந்துபோயிருந்தது. 1935 மே 27-ஆம் நாள் அவ்வில்லத்திலேயே காலமானார்.

அம்பேத்கர் இதனை மறந்தாரல்லர். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய தம் நூலை இரமாபாயின் நினைவுக்கே உரிமையாக்கினார். நண்பரற்ற, வறுமை சூழ்ந்த நாட்களில் தம்மோடு துன்புற முன்வந்த மனத்திட்பத்திற்கு நன்றி என்னும் கருத்தை அதில் பொறித்தார். பணக்கடனைத் தீர்க்கலாம், இக்கடனைத் தீர்க்க இயலாது என்பதை அப்பொருளாதார மேதை அறிந்திருந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

அவரது சிக்கனம் வாழ்நாள் முழுதும் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் நோன்பாக இருக்கவில்லை. காலம் வாய்த்தபோது நல்ல உடை உடுத்தார். நம் மக்களும் தலைநிமிர்ந்து நன்றாக வாழ வேண்டுமென்று விரும்பினார். எளிய வாழ்வே உங்களுக்குப் போதும் என்று நம்மை நோக்கிச் சொல்வோரின் அறிவுரை வேறு. அவர் காட்டிய வழி வேறு. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்னும் முதுமொழியில் சிறுகக் கட்டுதல் பாதி. பெருக வாழ்தல் மறுபாதி.

இளைஞர்களே! ஆண்டு வரவை எழுதிப் பாருங்கள். கல்விக்குரியதை முதலில் ஒதுக்குங்கள். சம்பளம் உயரும் முதல் ஆண்டில் செலவை உயர்த்தாதீர்கள். சடங்குக்கும் விருந்துக்கும் கடன்படாதீர்கள்; படிப்புக்குக் கடன்பட நேர்ந்தால் எந்த வரவிலிருந்து, எந்த நாளில் தீர்ப்பது என்று முன்னரே எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் உறுப்பினர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி அமைத்தார் அம்பேத்கர். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். ஒருவர் படிக்க அண்ணன் படிப்பை நிறுத்தவும், தமக்கை நகையை இழக்கவும், மனைவி அடுப்படியில் வாடவும் நேர்ந்த நிலை அடுத்த தலைமுறைக்கு வரலாகாது என்பதே அந்நிறுவனங்களின் உட்பொருள் என்று நாம் கருதுகிறோம். ஒரு வீடு தனியே சுமக்க மாட்டாத சுமையைப் பல வீடுகள் சேர்ந்து சுமக்கத் தோன்றியதே கல்விச் சங்கம். நம் சங்கத்திற்கு நாம் செலுத்தும் சிறு சந்தாவும் அச்சுமையில் ஒரு பங்கு. அதனை வீட்டு வரவு செலவில் ஒரு வரியாக ஆண்டுதோறும் எழுதுவோம். நம் மகளிர் படிப்புக்கென இன்னொரு வரியையும் தவறாது சேர்ப்போம். இரமாபாய் அன்னைக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அவ்வாறு தீரட்டும்.