ஆனந்தர் விழித்திருந்த இரவு

பகவான் புத்தரின் சிற்றப்பா மகனாகச் சாக்கிய குலத்தில் பிறந்தவர் ஆனந்தர். புத்தருக்கு ஏறத்தாழ 55 வயதானபோது அவருக்கு அணுக்கத் தொண்டரானார். அதன்பின் 25 ஆண்டுகள் நிழல் போல் உடனிருந்தார். ஆயினும் பகவான் மகாபரிநிர்வாணம் எய்திய வேளையில், சீடர்கள் பலர் அரஹந்த நிலையை அடைந்திருக்க, ஆனந்தர் விடுதலைப் பாதையின் முதற்படியிலேயே நின்றிருந்தார்.

தொண்டை ஏற்குமுன் அவர் எட்டு வரங்களைக் கேட்டார். புத்தருக்குக் கிடைக்கும் நல்லாடையோ நல்லுணவோ தமக்குத் தரப்படலாகாது என்பது போன்றவை முதல் நான்கு. தொண்டினால் ஆதாயம் தேடினார் என்ற பேச்சு எழக்கூடாதல்லவா! தாம் இல்லாத இடத்தில் நிகழும் உபதேசத்தைத் தமக்கு மீண்டும் சொல்ல வேண்டும் என்பது இறுதி வரம். இவ்வாறு 84,000 தர்ம உபதேசங்கள் அவரது நினைவில் தங்கின என்று மரபு கூறுகிறது.

மூச்சு உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும், நடப்பதையும் அமர்வதையும், இன்ப துன்ப உணர்ச்சிகளையும், மனத்தின் நிலைகளையும் அவை நிகழும்போதே அறிந்திருக்க வேண்டும் என்னும் ஸ்மிருதி சாதனையும் அவற்றுள் அடங்கும். கேட்டவர்க்கெல்லாம் ஆனந்தர் அதனை எடுத்துரைக்க வல்லவர். ஆனால் அவரது பொழுதெல்லாம் குருவின் பணிக்கும் வந்தவர்களின் தேவைக்குமே சென்றது. இதனை அவரது குறையாகக் கருதுவது சரியன்று. அந்தத் தொண்டு இல்லையேல் பகவானின் உபதேசங்கள் நமக்கு எஞ்சியிருக்குமா?

குசிநகரத்தில் குருவின் இறுதிநாள் வந்தபோது ஆனந்தர் விஹாரத்தினுள் சென்று, கதவுநிலையைப் பற்றிக்கொண்டு அழுதார். தாம் இன்னும் கற்க வேண்டியவராக இருக்க, கருணை மிக்க ஆசான் பிரிகிறாரே என்பதே அவரது துயரம். பகவான் அவரை அழைத்துத் தேற்றினார். அவரது தொண்டைப் பாராட்டினார். முயன்றால் விரைவில் விடுதலை கிட்டும் என்றும் உறுதியளித்தார்.

பின்னர் ஆனந்தர் சிராவஸ்திக்குச் சென்று, பகவான் தங்கிய அறையைத் திறந்து பெருக்கினார். வாடிய மலர்களை அகற்றினார். அவர் இருந்தபோது செய்தவாறே படுக்கையைச் சீராக்கினார். துயருற்றுவந்த இல்லறத்தாரைத் தேற்றுவதிலேயே நாட்கள் கழிந்தன. கோசல நாட்டு வனத்தில் ஒரு தேவதை அவரைக் கடிந்து, தியானத்தில் அமருமாறு தூண்டியதாகப் பாலி நூல் கூறுகிறது.

அதே காலத்தில் மகாகாசியபர், தர்மத்தையும் விநயத்தையும் தொகுக்க ராஜகிருகத்தில் பிக்ஷுக்களின் சபையைக் கூட்டினார். அதற்கு 499 அரஹந்தர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உபதேசங்களை முழுதும் கேட்டவர் இல்லாமல் சபை எவ்வாறு நடக்கும்? எனவே மற்ற பிக்ஷுக்களின் வேண்டுகோளுக்கிணங்க ஆனந்தரும் சேர்க்கப்பட்டார். மறுநாள் சபை. விடுதலை பெறாதவராக அங்கே செல்வது தகாது என அவர் எண்ணினார்.

அன்றிரவு அவர் உடலின் மீது கவனத்தை நிறுத்தி நெடுநேரம் சாதனை செய்தார். விடியல் நெருங்கியும் விடுதலை கிட்டவில்லை. குருவின் வாக்குப் பொய்க்காது. அப்படியானால் தடை எங்கே? தமது வீரியம் அளவு கடந்து, சமாதியை விஞ்சி நிற்பதை அவர் கண்டுகொண்டார். கிடைத்தே தீர வேண்டும் என்ற துடிப்பே மனத்தைக் கலக்கியிருந்தது. உடனே நடப்பதை நிறுத்தினார். கால்களைக் கழுவி, அறைக்குள் சென்று, சற்று இளைப்பாறக் கட்டிலில் அமர்ந்து சாய்ந்தார். முயற்சி தளர்ந்ததே அன்றி, கவனம் தளரவில்லை. பாதங்கள் தரையை விட்டு எழுந்தன, தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவேளையில் மனம் பற்றுக்களிலிருந்து முற்றிலும் விடுபட்டது. நடை, நிற்றல், இருத்தல், கிடத்தல் என்ற நான்கு நிலைகளில் எதிலும் இல்லாதபோது அரஹந்தரானவர் என்று அவரைக் குறிப்பிடுவது இதனால்தான்.

மறுநாள் அவருக்கென விடப்பட்டிருந்த ஆசனம் நிறைந்தது. மகாகாசியபர் ஒவ்வோர் உபதேசமும் எங்கே, யாரைக் குறித்து நிகழ்ந்தது என்று வினவ, ஆனந்தர் விடை கூறினார்.

அதன்பின் நடந்தது வியப்புக்குரியது. சபையின் மூத்தோர் அவர்மீது ஐந்து குற்றங்களைச் சுமத்தினர். நீக்கத்தக்க சிறு விதிகள் எவை என்று பகவானிடம் கேட்காதது. அவரது மழைக்கால ஆடையைத் தைக்கும்போது அதன்மேல் கால் வைத்தது. பகவானின் திருமேனியைப் பெண்கள் முதலில் வணங்கவிட்டு, அவர்களது கண்ணீர் அதன்மீது படச் செய்தது. நீண்டகாலம் வாழுமாறு பகவானை வேண்டாதது. பெண்கள் துறவறம் பூணப் பரிந்து பேசியது. ஒவ்வொன்றையும் தாம் எக்கருத்தில் செய்தார், அல்லது ஏன் செய்யத் தவறினார் என்பதை ஆனந்தர் அமைதியாக விளக்கினார். இவற்றில் தாம் குற்றம் எதனையும் காணவில்லை என்றார். ஆயினும் மூத்தோர் மீதுள்ள சிரத்தையால் ஐந்தையும் குற்றமென ஏற்றுக்கொண்டார்.