தோட்டத்துச் சனங்களோடு நின்ற ஆயர்

மலருக்கு ஒருத்தர் வாழ்க்கையை எழுதச் சொன்னதும் நான் ஆயர் லியோ நாணயக்காரவை எடுத்துக்கிட்டேன். மேட்டூர்ல அவரைத் தெரிஞ்சவங்க குறைவுதான். ஆனா நம்ம சேலம், நாமக்கல் பக்கமிருந்து இலங்கைக்குக் கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள் நிறைய.

1948-ல் அங்கே வந்த சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாம போச்சு. பிறகு ஓட்டும் போச்சு. 1964-ல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டுச்சு; போறவங்களை யாரும் கேக்கல.

லியோ ஆண்டகை சிங்களவர். 1959 முதல் கண்டி ஆயர். ஓட்டில்லாத தமிழ்ச் சனத்துக்காகச் சிங்களவர் ஒருத்தர் பேசினா அந்தக் காலத்துல யார் கைதட்டுவாங்க? அவர் பேசினார்.

1972-ல் கண்டியிலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாப் பிரிஞ்சது. பெரிய கண்டியை விட்டுட்டு, தோட்டமும் ஏழைக் கிராமமுமா இருந்த பதுளைக்கு அவரே விரும்பிப் போனார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான். பதவியைச் சின்னதாக்கிக்க யாருக்கு மனசு வரும்? பண்டாரவளையில் சேவக சேவன என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கினார். குருவாகப் போறவங்க ஏழைகளோட பழகித்தான் படிக்கணும்னு நினைச்சார்.

1982-ல் காலமானார். தோட்டத்துப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி வந்தது 1984-ல். அங்கேயே தங்கிட்டவங்களோட குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கிற சட்டம் வர 2003 ஆச்சு.