குறிப்பேடுகள் காத்த பெயர்

உயிரியல் பயிலும் எனக்குச் சோதனைக்குழாய் குழந்தை என்றாலே இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயவைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

அவர் 1931இல் பிறந்தவர். மருந்து கொடுத்துக் கருமுட்டைகளைப் பெருக்கும் மாதத்தில், கருப்பை கருவை ஏற்கத் தயாராக இருக்காது எனக் கருதினார். அதனால் கருவை 53 நாள் உறைநிலையில் வைத்து, பிறகு தாயின் கருப்பையில் செலுத்தினார். 1978 அக்டோபர் 3ஆம் நாள் துர்கா பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. ஜப்பான் சென்று தம் ஆய்வை விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986இல் பிறந்த குழந்தையின் வழியாக இந்தியாவின் முதல் சாதனையாளர் எனப் போற்றப்பட்டவர் ஆய்வாளர் ஆனந்த குமார். சுபாஷின் குறிப்பேடுகளைப் படித்த அவரே, அந்தப் பெருமை சுபாஷுக்கே உரியது என 1997இல் எழுதினார்.

கருவை உறையவைப்பது இன்று வழக்கமான சிகிச்சை. அந்தக் குழுவில் இருந்திருந்தால் நானும் அவரை நம்பியிருக்க மாட்டேனோ என்ற அச்சம் எனக்கு உண்டு. அதனால்தான் இப்போது என் ஆய்வகக் குறிப்பேட்டை ஒருநாளும் தவறாமல் எழுதுகிறேன்.