மருந்தாக மாறிய கண்ணீர்



கங்கைகொண்ட சோழபுரம் முதல் கும்பகோணம் வரையுள்ள நம் பகுதியில், வீங்கிய காலை இழுத்து நடந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். யானைக்கால் நோய்க்கான மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து தந்த காலத்தில், 'நமக்குத்தான் நோய் இல்லையே' என்று அதை விழுங்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 சனவரி 12-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். துறவியாக விரும்பினார், தாயார் இசையவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கதர் அணிந்து பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். இந்நிலையில், உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் செய்யும் ஸ்ப்ரூ என்ற குடல் நோய், உடன்பிறந்தோர் இருவரை எட்டே நாட்களுக்குள் பறித்துக்கொண்டது. மருத்துவம் கற்றவராலும் அவர்களைக் காக்க முடியவில்லை.

1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சென்றார். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை வேலை. அதோடு ஹார்வர்டில் ஆராய்ச்சி. அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காமல், 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவருடைய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தாயிற்று. ஆனால் அதைப் பெற அவருடைய உடன்பிறந்தோர் இல்லை.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் நோயை வேகப்படுத்துவதாகத் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்குமோ என்று மருத்துவர் சிட்னி பார்பர் எண்ணினார். சுப்பாராவின் குழு அப்பொருளை அளித்தது. 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது; அதுவும் சில மாதங்களே நீடித்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் திறந்த வழியில்தான் மெத்தோட்ரெக்சேட் வந்தது. இன்றும் அது பல குழந்தைகளை வாழவைக்கிறது.

யானைக்கால் மருந்தும் இப்படித்தான். பல வேதிப்பொருள்களைப் புழு தாக்கிய எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், பெரும்பாலானவை பயன்படவில்லை. பயன் தந்த ஒன்றை நாய்களிடமும் சோதித்து, பிறகே புவேர்ட்டோ ரிக்கோ தீவின் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1947-இல் அதன் முடிவு வெளியானது. அதுவே டி.இ.சி. மாத்திரை. பல ஆண்டுகளாக வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. இரத்தத்தில் திரியும் நுண்புழுக்களை அழித்து, கொசு அவற்றை அடுத்தவருக்குக் கொண்டுசெல்லாமல் தடுக்கிறது. ஆகவே, வெளியே நோய் தெரியாதவர் விழுங்கும் மாத்திரையும் பிறரன்புச் செயலே.

1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். பெரிய பரிசு எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

நம் வீட்டு நோயாளிக்காக மன்றாடியும் அவர் இறந்துவிட்டால், கடவுள் கேட்கவில்லையே என்று கலங்குகிறோம். அந்தக் கலக்கத்துக்கு எளிய விடை நம்மிடம் இல்லை. ஆனால் சுப்பாராவின் வீட்டில் விழுந்த கண்ணீர், முன்பின் அறியாத ஆயிரமாயிரம் வீடுகளுக்கு மருந்தாயிற்று. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது இதுவன்றோ!

ஆய்வுக்கூடங்களில் உழைப்போருக்காகவும், மருந்துச் சோதனைகளுக்குத் தங்கள் உடலைத் தரும் நோயாளிகளுக்காகவும் இந்த வாரத் திருப்பலியில் செபிப்போம்.