சிந்திய அரிசியைப் பொறுக்கிய மகான்

வேங்கிக்காலில் நின்றால் அண்ணாமலை தெரியும். அந்த மலையைத் தேடி 1896-ல் மதுரையிலிருந்து ஒரு சிறுவன் புறப்பட்டான். வயது 16. கல்லூரிக்குக் கட்டும்படி அண்ணன் சொன்ன பணம் 5 ரூபாய். அதில் வழிச்செலவுக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டான். அவர்தான் ரமண மகரிஷி.

மலையடிவாரத்தில் ஆசிரமம் எழுந்தது. வெளிநாட்டாரும் தேடி வந்தனர். மகரிஷியோ விடியுமுன் எழுந்து அடுக்களையில் காய்கறி நறுக்கினார். இலை தைத்தார். சிந்திய அரிசியைப் பொறுக்கினார். மற்றவர்களுக்கு இல்லாத பண்டத்தைத் தம் இலையில் இட்டால் ஏற்கமாட்டார். உபதேசம் செய்யவில்லை, செய்து காட்டினார். பார்த்தவர்கள் தாமும் மாறினார்கள்.

1950 ஏப்ரல் 14-ந் தேதி அவர் மறைந்தார். பகல் உணவுக்கு முன் ஏழைகளுக்குச் சோறிடும் வழக்கம் ஆசிரமத்தில் இன்றும் மறையவில்லை.