நெஞ்சறிந்த நம்மாழ்வார்

துயருற்ற மனத்திற்கு வழிகாட்டும் பணி இன்று உளவளத்துணை என்றும் ஆற்றுப்படுத்துதல் என்றும் வழங்கப்படுகிறது. ஆற்றுப்படை பாடிய தமிழ் மரபை நினைவூட்டும் சொல் இது. கேட்டறிதல், நோயின் முதலை நாடுதல், உரிய வழியைக் காட்டுதல் என்னும் இப்பணியின் கூறுகள் நம்மாழ்வாரின் வாழ்விலும் பாட்டிலும் விளங்கக் காணலாம்.

பிறப்பும் மௌனமும்

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த திருக்குருகூரே இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஆழ்வார்திருநகரி. அங்குக் காரியார்க்கும் உடையநங்கைக்கும் மகனாகத் தோன்றியவர் நம்மாழ்வார். மாறன், சடகோபன் என்பன அவர்தம் பிற பெயர்கள். அவர் காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் ஆய்வாளர் பலர்.

குருபரம்பரை நூல்கள் அவர்தம் இளமையை வியப்புடன் விரிக்கின்றன. பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை, ஆயினும் வாடவில்லை. கலங்கிய பெற்றோர் குழந்தையை ஆதிநாதர் திருமுன் கிடத்தினர். அக்கோவிலின் புளியமரத்தடியே பின்னர் அவர்க்கு உறைவிடமாயிற்று. 16 ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை.

வினாவும் விடையும்

திருக்கோளூரில் பிறந்த மதுரகவி, கற்றுத் துறைபோகிய முதியவர். வடநாட்டில் அயோத்தியில் இருந்தபோது தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டார். அதனைப் பின்தொடர்ந்து குருகூரை அடைந்தார். உடலினுள் புகுந்த உயிர் எதனை நுகர்ந்து எங்கே வாழும் என வினவினார். உடல்வழி வரும் இன்பதுன்பங்களையே நுகர்ந்து, அதனுள்ளேயே அது கிடக்கும் என்னும் பொருள்பட விடை வந்தது. நூல்பல கற்றும் தீராத ஐயம் அச்சிறு விடையால் தீர்ந்தது. வயதில் இளையவரை முதியவர் ஆசானாக ஏற்றார். வினா கனியும்வரை காத்திருந்து, வேண்டிய அளவே பேசியதில் அவ்வாசானின் சிறப்பு விளங்குகிறது.

நோய்முதல் நாடல்

திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி, திருவாய்மொழி ஆகிய நான்கும் அவர் அருளியவை. பெரிய திருவந்தாதியில் தம் நெஞ்சையே எதிரில் நிறுத்தி உரையாடுகிறார். 100 பதிகங்கள் கொண்ட திருவாய்மொழியில் 27 பதிகங்கள் பெண்கூற்றாக அமைந்தவை. அவற்றுள் 17 தலைவி கூற்று. 7 தாய் கூற்று. 3 தோழி கூற்று. ஒரே துயரைத் துய்ப்பவளாகவும், அதனைக் கண்டு பதறுபவளாகவும், அதன் காரணம் உணர்ந்தவளாகவும் நின்று அவர் பாடினார்.

நான்காம் பத்தின் ஆறாம் பதிகம் இதற்குத் தக்க சான்று. தலைவியின் மெலிவைத் தெய்வக்குற்றம் எனக் கருதி, கள்ளும் இறைச்சியும் படைத்து வெறியாட முனைகின்றனர் தாயர். தோழி தடுக்கிறாள். நோய் வேறு, மருந்தும் வேறு என்கிறாள். திருமால்மீது கொண்ட காதலே நோய். அவன் பெயரைக் கூறுதலும் அடியாரைப் போற்றுதலுமே மருந்து என்கிறாள். தாயரின் அன்பில் குறையில்லை; ஆயினும் காரணம் அறியாத அன்பு துயரைப் பெருக்கும் என்பதை இப்பதிகம் உணர்த்துகிறது.

வழியான பாட்டு

ஆசானிடம் தெளிவு பெற்ற மதுரகவி, அவரையே தெய்வமாகக் கொண்டு 11 பாசுரங்கள் பாடினார். கண்ணிநுண்சிறுத்தாம்பு என வழங்குவது அது. ஆழ்வாரின் பாசுரங்கள் வழக்கிழந்த பிற்காலத்தில், அவற்றைத் தேடி நாதமுனிகள் குருகூர்க்கு வந்தார். புளியமரத்தடியில் அமர்ந்து, மதுரகவியின் பாசுரங்களை 12,000 முறை ஓதி, மறைந்த பாசுரங்களை அவர் மீண்டும் பெற்றார் என்பது வைணவ மரபு. வழிகாட்டப் பெற்ற ஒருவரின் நன்றிப் பாட்டே பின்வந்தோர்க்கு வழியாயிற்று.