ஹார்ட் டிஸ்க் தொழில் ஏன் ஏறி ஏறி விழுது? மூன்று முறை அடி வாங்கிய ஆலன் ஷூகார்ட்டின் கதை

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. கறிக்கோழி விலை ஏறினா எல்லாப் பண்ணையிலும் குஞ்சு கூடுதலா விடுவாங்க. ஆறேழு வாரத்துல அத்தனையும் ஒண்ணா விற்பனைக்கு வரும், விலை சரியும். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் தொழிலும் இப்படித்தான். அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் முழுசா பார்த்தவர் ஆலன் ஷூகார்ட்.

யார் இவர்?

1930-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1951-ல் படிப்பு முடிந்ததும் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கம்ப்யூட்டரில்தான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. 50 தட்டுகள், ஒரு டன் எடை, கொள்ளளவு சுமார் 5 எம்பி மட்டுமே. இன்னைக்கு போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது சரியாப் போயிடும்.

முதல் அடி

1969-ல் ஐபிஎம்மை விட்டு மெமோரெக்ஸுக்குப் போனார். 1973-ல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். ஆனா அடுத்த ஆண்டே அதிலிருந்து வெளியேற வேண்டியதாச்சு. பிறகு சில காலம் மீன்பிடிப் படகு ஓட்டினார்.

எழுந்தார், மறுபடி அடி

1979-ல் ஃபினிஸ் கானருடன் சேர்ந்து தொடங்கியதுதான் இன்றைய சீகேட். 1980-ல் 5.25 அங்குல டிஸ்க் வந்தது. ஒரு டன் இயந்திரத்தில் இருந்த அதே 5 எம்பி, கையில் தூக்குற அளவுக்குச் சுருங்கியது. ஐபிஎம் பிசி ஆர்டர்கள் குவிந்தன.

அதைப் பார்த்து எல்லோரும் இறங்கினாங்க. 1977 முதல் 1984 வரை அமெரிக்காவில் 43 டிஸ்க் கம்பெனிகளுக்குக் கிட்டத்தட்ட 40 கோடி டாலர் முதலீடு கிடைத்தது. சந்தையில் பெரிய பங்கு நமக்குத்தான்னு ஒவ்வொருத்தரும் கணக்குப் போட்டாங்க. எல்லாப் பங்கையும் கூட்டினா சந்தையை விடப் பெருசா இருக்கேன்னு யாரும் பார்க்கல.

1983 நடுவில் பங்குச்சந்தையில் இருந்த 12 டிஸ்க் கம்பெனிகளின் மதிப்பு 500 கோடி டாலருக்கு மேல். 1984 முடிவில் அது 140 கோடி. ஐபிஎம் ஆர்டரைக் குறைத்ததும் சீகேட்டும் ஆட்டம் கண்டது. உற்பத்தி சிங்கப்பூருக்கு நகர்ந்தது, அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒரே பையரை நம்பி யூனிட் நடத்தும் திருப்பூர்க்காரங்களுக்கு இந்த வலி தெரியும்.

கடைசி அடி

தாக்குப்பிடித்த ஷூகார்ட், 1989-ல் இம்ப்ரிமிஸையும், 1996-ல் கானர் பெரிபெரல்ஸையும் வாங்கி சீகேட்டைப் பெரிதாக்கினார். பிறகு டிஸ்க் தேவைக்கு மேல் குவிந்து விலை சரிந்தது. 1998-ல், 67 வயதில், தான் தொடங்கிய கம்பெனியின் இயக்குநர் குழுவே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 2006 டிசம்பரில் காலமானார்.

இதில் நமக்கு என்ன?

இத்தனை வருஷத்தில் மக்கள் சேமிக்கும் தகவல் ஒருபோதும் குறையல. ஆனாலும் பெரும்பாலான கம்பெனிகள் காணாமல் போயின. இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் மிஞ்சியிருப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூன்று மட்டும்தான். ஊரே கோழிக்கறி சாப்பிட்டாலும் பண்ணைக்காரர் நஷ்டப்படுவது போலத்தான். தேவை இருந்தா மட்டும் போதாது. பக்கத்துப் பண்ணையில் எத்தனை குஞ்சு விட்டிருக்காங்கன்னும் தெரியணும்.